பள்ளிக் கதவு வரை: திறந்த தரவை வளர்ச்சிப் பணிக்குப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

உகாண்டாவில் 1990களின் தொடக்கத்தில், தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று மத்திய அரசு மானியம் ஒதுக்கி வந்தது. ஆசிரியர் சம்பளம் போக மற்ற செலவுகளுக்கான பணம் அது. தலைநகரில் இருந்த கணக்குப்படி பணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 1996இல் ஒரு ஆய்வுக் குழு 250 அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போய், உங்களுக்கு உண்மையில் வந்தது எவ்வளவு என்று கேட்டுப் பதிவேடுகளைப் புரட்டியது. 1991 முதல் 1995 வரை அனுப்பிய தொகையில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்கு வந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசும் வரவில்லை. பணம் மாவட்ட அளவிலேயே கரைந்துபோயிருந்தது.

அதன்பின் அரசு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை மாதாமாதம் நாளிதழ்களில் வெளியிட ஆரம்பித்தது. வந்த தொகையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்று பள்ளிகளுக்கும் உத்தரவு போனது. 2001இல் மறுபடி எண்ணிப் பார்த்தபோது 80 சதவீதத்துக்கும் மேல் பள்ளியை எட்டியிருந்தது.

இந்தக் கதையைத் திறந்த தரவு பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் அங்கே வேறு நிதிச் சீர்திருத்தங்களும் நடந்தன, மானியத்தின் அளவும் மாறியது, ஆகவே முழுப் பெருமையையும் நாளிதழ் அறிவிப்புக்குக் கொடுக்க முடியாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அது நியாயமான ஆட்சேபம். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, அந்த எண் எங்கே போய் நின்றது என்பதை. இணையதளம் கிடையாது, வண்ண வரைபடம் கிடையாது. யாருடைய பிள்ளைக்காகப் பணம் வந்ததோ அவர்கள் நடந்து போகும் வழியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியைப் பின்னாலிருந்து யோசித்து எழுதியிருக்கிறேன். தரவு கடைசியில் யார் கையில் சேர வேண்டும் என்பதில் தெளிவிருந்தால் நடுவில் உள்ள வேலை பாதியாகிவிடும். தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், நிருபர், ஆய்வு மாணவர் என யாராக இருந்தாலும் ஒரு கணினியும் எக்செல் போன்ற விரிதாள் பழக்கமும் போதும். நிரலாக்கம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு சொல் விளக்கம். இணையத்தில் கிடைப்பதெல்லாம் திறந்த தரவு ஆகாது. மூன்று சோதனை வையுங்கள். யாரிடமும் கேட்காமல் எடுக்க முடிகிறதா? கணினி அப்படியே வாசிக்கும் வடிவத்தில் இருக்கிறதா? எடுத்து மாற்றி மறுபடி வெளியிட உரிமம் வெளிப்படையாக அனுமதிக்கிறதா? ஸ்கேன் செய்த பி.டி.எஃப் இரண்டாவதில் தோற்கும். உரிமம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத எக்செல் கோப்பு மூன்றாவதில் தோற்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது தினசரி நோயாளி எண்ணிக்கை பல நாள் பி.டி.எஃப் அட்டவணையாகத்தான் வந்தது. நோயின் போக்கைக் கணிக்க வேண்டியவர்கள் முதலில் உட்கார்ந்து எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

படி 1: கேள்வியை ஒரு முடிவோடு கட்டிப்போடுங்கள்

‘இந்த நாட்டில் சுகாதாரம் எப்படி இருக்கிறது?’ என்று ஆரம்பித்தால் மூன்று மாதம் கழித்து உங்களிடம் நாற்பது வரைபடம் இருக்கும், பதில் இருக்காது. ‘எந்தெந்தக் கிராமங்களிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தும் பிரசவம் பார்க்கும் நிலையத்தை எட்ட முடியாது?’ என்று கேளுங்கள். எந்தத் தரவு தேவை என்பதை இந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது: கிராமங்கள் இருக்கும் இடம், நிலையங்கள் இருக்கும் இடம், பாதைகள், மக்கள்தொகை. வேறு எதுவும் வேண்டாம்.

கூடவே இரண்டு விஷயத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்கப் போகிறவர் யார்? அவர் எப்போது முடிவெடுப்பார்? மாவட்ட வரவுசெலவுத் திட்டம் மார்ச்சில் இறுதியாகிறது என்றால், ஏப்ரலில் வரும் அருமையான ஆய்வைவிடப் பிப்ரவரியில் வரும் சுமாரான ஒன்று மேல்.

படி 2: எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாடு வாரியான பெரிய எண்களுக்கு உலக வங்கியின் தரவுத் தளத்தில் தொடங்கலாம். 2010 ஏப்ரல் வரை அதில் பெரும்பகுதி சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான். அந்த மாதம் வங்கி கதவைத் திறந்துவிட்டது. 2015இல் ஏற்கப்பட்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கான குறியீடுகளை ஐ.நா. புள்ளியியல் பிரிவு தனியாக வைத்திருக்கிறது. இந்த இரண்டு இடத்திலும் இருப்பவை பெரும்பாலும் வேறு யாரோ எண்ணியவை என்பதை மறக்காதீர்கள். அந்தந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தின் தளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. சில நேரம் அங்கே இன்னும் புதியது இருக்கும்.

வீட்டு அளவிலான விவரத்துக்கு, அதாவது குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, தாயின் வயது என்ன, வீட்டில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கெல்லாம், 1984இல் தொடங்கிய மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகள்தான் பல ஏழை நாடுகளுக்கு முதுகெலும்பு. 90க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கின்றன. கட்டணம் இல்லை, ஆனால் எதற்காக வேண்டும் என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். கறாராகச் சொன்னால் இது முழுத் திறந்த தரவு அல்ல. ஏன் அப்படி என்பது படி 6இல் வரும்.

பேரிடர், போர், அகதிகள் தொடர்பானவற்றுக்கு ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2014இல் தொடங்கிய மனிதாபிமானத் தரவுப் பரிமாற்றத் தளம். சாலை, கட்டடம், கிணறு ஆகியவற்றுக்கு, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். வானிலிருந்து பார்க்க லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள் படங்கள். அரசு ஒப்பந்தங்களுக்கு, அந்த நாடு திறந்த ஒப்பந்தத் தரவு நெறியை, அதாவது ஒப்பந்த விவரங்களை ஒரே வடிவத்தில் வெளியிடும் பொது முறையை, பின்பற்றுகிறதா என்று பாருங்கள். உதவிப் பணம் எங்கே போகிறது என்பது தனிக் கதை, அதற்குத் தனிப் படி வைத்திருக்கிறேன்.

படி 3: எண் பிறந்த கதையைப் படியுங்கள்

பலர் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான்.

2010 நவம்பரில் கானா தன் உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலையையும் தொழில்களையும் அளவுகோலாக வைப்பது என்பதை, மாற்றியது. பொருளாதாரம் 60 சதவீதம் பெரிதாகத் தெரிந்தது. ஏழை நாடுகள் பட்டியலிலிருந்து நடுத்தர வருவாய் நாடுகளின் கீழ்ப்படிக்கு அந்த நாடு ஏறியது. 2014 ஏப்ரலில் நைஜீரியா அதையே செய்தது. அதுவரை 1990ஐ அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டார்கள், அதாவது செல்பேசியும் பெரிய திரைப்படத் தொழிலும் வருவதற்கு முந்தைய நாட்டை வைத்து. 2010க்கு மாற்றியதும் பொருளாதாரம் 89 சதவீதம் ஊதியது, தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவிலேயே பெரிய பொருளாதாரம் ஆனது. வயலிலும் சந்தையிலும் எதுவும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. இந்த மாற்றம் தெரியாமல் வரைபடம் போட்டால் அந்த ஆண்டில் ஒரு அதிசயம் நடந்ததுபோல் கோடு செங்குத்தாக ஏறும்.

வறுமைக்கும் இதே கதைதான். உலக வங்கியின் தீவிர வறுமைக்கோடு 2022 வரை நாளுக்கு 1.90 டாலர், பிறகு 2.15, 2025 ஜூனிலிருந்து 3 டாலர். கடைசி மாற்றத்தால் யார் பையிலிருந்தும் ஒரு காசு குறையவில்லை, ஆனாலும் உலகக் கணக்கில் ஏழைகளின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் கூடியது. பழைய அறிக்கையில் உள்ள எண்ணையும் புதிய தளத்தில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறு நிச்சயம்.

அடுத்து, எண்ணியதா மதிப்பிட்டதா என்று பாருங்கள். பேறுகால இறப்பு விகிதத்தைப் பல நாடுகளில் நேரடியாக எண்ணுவதற்கு இறப்புப் பதிவே சரியாக இல்லை. தளத்தில் தெரியும் எண் ஒரு கணித மாதிரி சொன்னது. கூடவே கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண் இருக்கும். அதை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் எடுத்து, போன ஆண்டைவிட இரண்டு குறைந்தது என்று எழுதுவது வீண் வேலை. ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன்: பத்து ஆண்டுக்கு மேடுபள்ளமே இல்லாமல் ரூல் தடி வைத்துக் கிழித்ததுபோல் ஏறும் கோட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே இட்டு நிரப்பியதாக இருக்கும்.

காலியும் பூஜ்யமும் ஒன்றல்ல. ‘காலரா நோயாளிகள்: 0’ என்றால் பார்த்தார்கள், யாரும் இல்லை. காலியாக இருந்தால் யாருமே பார்க்கவில்லை. சில கோப்புகளில் காலிக்குப் பதில் 99 அல்லது −9 என்று போட்டிருப்பார்கள். தரவுக் குறிப்பைப் படிக்காமல் சராசரி எடுத்தால் 99 வயதில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் கிடைப்பார்கள்.

படி 4: ஊர்ப் பெயர்களோடு மல்லுக்கட்டுங்கள்

ஒரு கோப்பில் மக்கள்தொகை, இன்னொன்றில் சுகாதார நிலையங்கள். இரண்டையும் மாவட்டப் பெயரை வைத்து இணைக்கலாம் என்று நினைப்பீர்கள். ஒரே மாவட்டம் ஒன்றில் ஒற்றெழுத்தோடும் இன்னொன்றில் இல்லாமலும், மூன்றாவதில் பழைய காலனி ஆட்சிக்காலப் பெயரிலும் இருக்கும். அதனால்தான் மனிதாபிமானப் பணியில் இருப்பவர்கள் இடக் குறியீடு என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள்: நாட்டுக்கு இரண்டெழுத்து, பிறகு மாகாணம், மாவட்டம் என்று இறங்கும் எண்கள். பெயர் எப்படி எழுதியிருந்தாலும் குறியீடு ஒன்றே. முடிந்த இடத்திலெல்லாம் இதை வைத்தே இணையுங்கள்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருமுறை நான் தயாரித்த வரைபடத்தில் ஒன்பது மாவட்டங்கள் சாம்பல் நிறத்தில் வந்தன. ‘தரவு இல்லை’ என்று அடிக்குறிப்பும் போட்டு அனுப்பிவிட்டேன். பிறகு பார்த்தால் தரவு இருந்தது. அந்தக் கோப்பில் நாட்டெழுத்து இல்லாமல் வெறும் எண்ணாக இருந்த 01 முதல் 09 வரையிலான குறியீடுகளை எக்செல் எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தூக்கிவிட்டது. 01 வெறும் 1 ஆனது, மற்ற கோப்போடு ஒட்டவில்லை. சரியாக ஒன்பது. அன்றிலிருந்து கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறப்பதே இல்லை. இறக்குமதி வழியாகப் போய்க் குறியீட்டு நெடுவரிசையை எழுத்து என்று அறிவித்துவிட்டுத்தான் மறுவேலை. இணைத்து முடித்ததும் ஒட்டாமல் நின்ற வரிசைகள் எத்தனை, எவை என்று பார்ப்பதும் அதற்குப் பிறகு வந்த பழக்கம்தான்.

மாவட்டங்கள் பிரிவதையும் கவனியுங்கள். முதலில் சொன்ன உகாண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளி மானியக் கதை நடந்த காலத்தில் அங்கே 39 மாவட்டங்கள். இன்று 130ஐத் தாண்டிவிட்டன. 1995இன் ஒரு மாவட்டத்தையும் இன்று அதே பெயரில் உள்ள மாவட்டத்தையும் ஒப்பிட்டு மக்கள்தொகை குறைந்துவிட்டது என்று எழுதினால் சிரிப்பார்கள். எந்த ஆண்டின் எல்லைக்கோடு என்று தேடி எடுங்கள். பிரிந்தவற்றைச் சேர்த்துப் பழைய எல்லைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவதுதான் ஓரளவு பாதுகாப்பான வழி.

படி 5: பணத்தைப் பின்தொடருங்கள், ஆனால் கூட்டாதீர்கள்

உதவிப் பணத்துக்கு இரண்டு பெரிய மூலங்கள். ஒன்று, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கடன்வழங்குநர் அறிக்கை முறை. கொடை நாடுகள் தரும் கணக்கைச் சரிபார்த்து வெளியிடுவார்கள். நம்பகம் அதிகம், ஆனால் ஓராண்டுக்கு மேல் தாமதம். மற்றொன்று பன்னாட்டு உதவி வெளிப்படைத்தன்மை முன்முயற்சி, சுருக்கமாக ஐஏடிஐ. 2008இல் அக்ராவில் நடந்த மாநாட்டில் அறிவித்தது. அரசுகள், ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் என்று ஒவ்வொருவரும் தங்கள் திட்டங்களைத் தாங்களே ஒரே வடிவத்தில் வெளியிடுகிறார்கள். புதியதாக இருக்கும், எதிர்காலத் திட்டமும் இருக்கும், ஆனால் யாரும் மையமாக உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. கடந்த காலப் போக்குக்கு முதலாவதையும், இப்போது என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டாவதையும் பாருங்கள்.

ஐஏடிஐயில் ஒரு திட்டப் பதிவைத் திறந்தால் தலைப்பு, தொடங்கும் முடியும் நாள், துறை, நாடு, நடத்துபவர், அதன்கீழ் வரிசையாகப் பணப் பரிமாற்றங்கள் இருக்கும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு வகை உண்டு. தருவதாகச் சொன்னது ஒன்று, அடுத்த அமைப்புக்குக் கொடுத்தது ஒன்று, நேரடியாகச் செலவழித்தது ஒன்று. மூன்றையும் கலந்து கூட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் நுணுக்கமானது. ஒரு கொடை நாடு ஐ.நா. அமைப்பு ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அமைப்பு தன் நிர்வாகச் செலவு, தன் வேலை போக 8 லட்சத்தை ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துக்குத் தருகிறது. அது 5 லட்சத்தை உள்ளூர் அமைப்புக்குத் தருகிறது. மூவரும் தரவை நேர்மையாக வெளியிடுகிறார்கள். நீங்கள் நாட்டின் பெயரை வடிகட்டிக் கூட்டினால் 23 லட்சம் வரும். உண்மையில் வந்தது 10 லட்சம். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் கொடுத்தவர், வாங்கியவர் அடையாளம் இருக்கும். அதை வைத்துச் சங்கிலியைக் கட்டி ஒரே மட்டத்தில் மட்டும் கூட்டுங்கள். அந்த அடையாளத்தைப் பலர் நிரப்புவதில்லை என்பதும் உண்மை. அப்போது கூட்டாமல் இருப்பதே நேர்மை.

இடம் பற்றி ஒரு சொல். திட்டம் நாடு முழுவதும் நடந்தாலும், பதிபவர் கையில் வேறு இடம் இல்லாததால் தலைநகரின் ஆயத்தொலைவை (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்களை) போட்டுவிடுவார். வரைபடத்தில் எல்லா உதவியும் தலைநகரில் குவிந்ததுபோல் தெரியும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் இதில் சிக்கல். இடத்தின் துல்லியம் பற்றிய குறியீடு ஒன்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வானிலிருந்தும் தரையிலிருந்தும்: ஒரு இடைச்செருகல்

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியை 7.0 அளவிலான நிலநடுக்கம் தாக்கியபோது, போர்ட்டோ பிரின்ஸ் நகரத்தின் பெரும்பகுதி இணைய வரைபடங்களில் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. செயற்கைக்கோள் நிறுவனங்கள் படங்களைத் திறந்துவிட்டன. உலகெங்கும் நூற்றுக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். ஓரிரு வாரத்தில் அதுவே மீட்புக் குழுக்கள் கையில் வைத்திருந்த வரைபடமானது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் மனிதாபிமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு. 2015 ஏப்ரலில் நேபாளம் குலுங்கியபோது உள்ளூர் ஆட்களே காட்மாண்டுவை முன்பே ஓரளவு வரைந்து வைத்திருந்தார்கள். வேலை அங்கிருந்து ஆரம்பித்ததால் வேகம் கூடியது.

வானிலிருந்து கூரை தெரியும், கூரைக்குக் கீழே மருத்துவமனையா மரக்கடையா என்று தெரியாது. ஆகவே தூரத்திலிருந்து வரைவது பாதி வேலை. மீதிப் பாதிக்கு அந்த ஊர்க்காரர் செல்பேசியோடு நடக்க வேண்டும். படி 1இல் கேட்ட நடை நேரக் கேள்விக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தினால், பாதை இல்லாத இடத்தில் பாதை இல்லையா அல்லது யாரும் வரையவில்லையா என்று கேளுங்கள். காலியும் பூஜ்யமும் மறுபடி.

செயற்கைக்கோள் படம் விலைக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. 1972 முதல் பறக்கும் லேண்ட்சாட் வரிசையின் படங்களை 2008இல் அமெரிக்கா இலவசமாக்கியது. அதன்பின் பயன்பாடு பன்மடங்கு எகிறியது. லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி 30 மீட்டர், ஐரோப்பாவின் சென்டினல்-2இல் 10 மீட்டர். பயிர், வெள்ளம், காடழிப்பு பார்க்கப் போதும். ஒரு குடிசையைப் பார்க்கப் போதாது. மேகம் மூடும் மழைக்காலத்தில் வெள்ளம் பார்க்க வேண்டுமென்றால் சென்டினல்-1இன் ரேடார் படத்துக்குப் போங்கள்.

படி 6: திறக்கக் கூடாததைப் பூட்டி வையுங்கள்

திறந்த தரவு என்பது அமைப்புகளைப் பற்றியது: அரசின் செலவு, சாலையின் நிலை, பள்ளியின் தேர்ச்சி. ஆட்களைப் பற்றிய தரவு அந்தக் கூடைக்குள் வராது. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கப் பன்னாட்டுக் குழுவின் சேவையகங்களுக்குள் யாரோ புகுந்தபோது 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரம் அம்பலமானது. காணாமல்போனவர்கள், சிறையில் இருப்பவர்கள், போரால் குடும்பத்தைப் பிரிந்தவர்கள். ரோஹிங்கியா அகதிகளின் விவரங்கள், அவர்கள் எந்த நாட்டு அரசிடமிருந்து தப்பி ஓடினார்களோ அதன் கைக்கே போனதாக 2021இல் ஒரு மனித உரிமை அமைப்பு அம்பலப்படுத்தியது. உதவி பெறுவதற்காகப் பதிந்த விவரங்கள் அவை.

பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு சிறு கிராமம், வயது 34, ஐந்து பிள்ளைகள், கைம்பெண், ஒரு குறிப்பிட்ட நோய். இதில் பெயர் இல்லை, ஆனால் ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரியும். முன்னால் சொன்ன சுகாதார ஆய்வுகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கணக்கெடுத்த குழுமத்தின், அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகளின் தொகுப்பின், இடத்தை வேண்டுமென்றே தள்ளி வைப்பார்கள்: நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, நூற்றில் ஒரு கிராமக் குழுமத்தை 10 கிலோமீட்டர் வரை. அதனால் பகுதி அளவில் ஆய்வு செய்யலாம், வீட்டைத் தேடிப் போக முடியாது. நீங்களும் வெளியிடும் அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண் உள்ள கட்டங்களை மறைப்பது, வயதை ஐந்தாண்டுத் தொகுப்பாக்குவது போன்றவற்றைப் பழக்கமாக்குங்கள். போர் நடக்கும் இடத்தில் மருத்துவமனையின் துல்லியமான இடத்தை வெளியிடலாமா என்பதை அங்கே வேலை செய்பவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தோடு மோதும் எண்ணை வெளியிடுவதையே குற்றமாக்கும் திருத்தத்தை 2018இல் தான்சானியா கொண்டுவந்தது. எதிர்ப்புக்குப் பிறகு மறு ஆண்டு தளர்த்தியது. மாட்டிக்கொள்பவர் தொலைவில் உட்கார்ந்து வரைபடம் போட்ட நீங்களாக இருக்க மாட்டீர்கள், உங்களுக்கு உள்ளூரில் உதவியவராக இருப்பார்.

படி 7: எண்ணப்பட்டவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்

2011 ஜூலையில் கென்யா, சஹாராவுக்குத் தெற்கே முன்னோடியாக, அதிபரே வந்து ஒரு திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கிவைத்தது. உலகமே பாராட்டியது. பிறகு தளத்துக்குப் புதிய தரவு வருவது தேய்ந்துபோனது. அமைச்சகங்களுக்குத் தருவதற்கு ஒரு காரணமும் இல்லை, கிராமத்தில் இருப்பவருக்கு அது இருப்பதே தெரியாது. திறப்பு விழாவுக்கு ஆள் இருந்தது, மறுநாள் காலைக்கு ஆள் இல்லை.

இன்னொரு பக்கம் உக்ரைனின் இணையக் கொள்முதல் தளமான ப்ரோசோரோ. ஒரு வரம்புக்கு மேற்பட்ட அரசுக் கொள்முதல் 2016 முதல் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்றானது. டெண்டர், ஏலம், ஒப்பந்தம் எல்லாம் திறந்த வடிவில். அதோடு நிற்கவில்லை. சந்தேகமான டெண்டரைப் பார்த்தால் அதன் கீழேயே புகார் எழுத டொசோரோ என்ற துணைத் தளத்தைக் குடிமக்கள் அமைப்பு ஒன்று கட்டியது. தோற்ற ஒப்பந்தக்காரர் தன் வயிற்றெரிச்சலில் எழுதுவார், அதனால் ஊழல் வெளியே வரும். மனிதர்களுக்குப் பார்ப்பதற்கு ஒரு காரணம் கொடுத்தால் பார்ப்பார்கள்.

உங்கள் வேலையிலும் அதையே யோசியுங்கள். மாவட்ட அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் அவருடைய மாவட்டம் மட்டும், பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிட்டு. பக்கத்து மாவட்டம் என்றதும் எந்த அதிகாரியும் நிமிர்ந்து உட்காருவார். வானொலி நிருபருக்கு மூன்று எண், அவர் பேசும் மொழியில். ஊர்க் கூட்டத்துக்குச் சதவீதம் வேண்டாம். ‘உங்கள் ஊரில் பத்தில் நான்கு கிணறு பழுது, அவை இவை’ என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இது சரியா என்று கேளுங்கள். அந்தக் கிணற்றை இரண்டு மாதத்துக்கு முன்பே சரிசெய்துவிட்டோம் என்று ஒருவர் எழுந்து சொல்வார். தரவைச் சரிபார்க்க இதைவிட மலிவான வழியை நான் கண்டதில்லை.

படி 8: நீங்கள் செய்ததைத் திறந்து வையுங்கள், மற்றவர்கள் செய்ததைப் பத்திரப்படுத்துங்கள்

சுத்தம் செய்த கோப்பை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அடுத்தவர் அதே ஒன்பது மாவட்டங்களை மறுபடி தொலைப்பார். சி.எஸ்.வி.யாக (எந்த மென்பொருளும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு), யு.டி.எஃப்-8 குறிமுறையில் (எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் முறை) சேமியுங்கள், இல்லையென்றால் ஊர்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடைந்து வரும். கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல் 4.0 உரிமம் பெரும்பாலும் போதும், உலக வங்கியும் அதையே வைத்திருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்துக் கலந்திருந்தால் மட்டும் கவனம் வேண்டும்: அதன் உரிமம், கலந்து உருவாக்கிய தரவுத்தளத்தையும் அதே நிபந்தனையில் வெளியிடச் சொல்கிறது. கூடவே ஒரு பக்கக் குறிப்பு: எங்கிருந்து எடுத்தோம், எந்த நாளில், எதை மாற்றினோம், எந்த நெடுவரிசையில் காலி என்றால் என்ன பொருள், எந்த இடத்தில் எங்களுக்கே சந்தேகம்.

கடைசியாக, இருக்கும் தரவு நாளையும் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சங்களுக்குப் பின் 1985இல் அமெரிக்கப் பணத்தில் உருவான பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பின் தளம் 2025 ஜனவரி இறுதியில் சட்டென இருண்டது. வெளிநாட்டு உதவியை நிறுத்திய உத்தரவின் விளைவு. மாதக்கணக்கில் கழித்தே திரும்பியது. அடுத்த மாதமே நாற்பதாண்டு வரலாறு கொண்ட மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுத் திட்டத்தின் ஒப்பந்தமும் ரத்தானது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள், மற்றவர்கள் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தார்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு கோப்பின் மூலப் பிரதியையும் தொடாமல் தனி அடைவில் வைத்து, கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதியைப் போட்டுவிடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் அடைவில் தானாகவே காலவரிசைப்படி நிற்கும்.